வலி இல்லாத ரத்தம்

உத்திரமேரூர் பக்கத்து ஊர்களில், வளைகாப்பு வீட்டுக்கு வந்த பிள்ளை இல்லாதவளை யாரும் 'எட்டிப் போ' என்று சொல்லிவிட மாட்டார்கள். அவ்வளவு மரியாதை கெட்டவர்கள் இல்லை. வேலை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சந்தனக் கிண்ணம் சுற்றி வருகிற நேரம் பார்த்து ஒரு பெரியம்மா குரல் கொடுப்பாள்: "அம்மாடி, பாயசம் அடிபுடிக்கப் போவுது, போயி கெளறு." அடுப்பில் பாயசம் பத்திரமாகத்தான் இருக்கிறது என்பது அனுப்புகிறவளுக்கும் தெரியும், போகிறவளுக்கும் தெரியும்.

இளவரசி கல்யாணமாகி வந்த ஆறேழு வருஷத்தில் அந்தத் தெருவில் நடந்த அத்தனை வளைகாப்பிலும் பாயசம் கிளறியவள். அவளுக்குப் பின்னால் வாழ்க்கைப்பட்டு வந்த சின்ன ஓரகத்தி பரிமளாவின் வளைகாப்பிலும் அவள்தான் கிளறினாள். அன்றைக்கு ஒரு கிழவி வந்து, தேவையே இல்லாமல் முந்திரி போதுமா என்று கேட்டுவிட்டுப் போனாளாம். "அந்தக் கெயவிய அந்தப் பாயசத்துலயே முக்கி எடுத்திருக்கணும்" என்று இளவரசி பிற்பாடு புருஷனிடம் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் அழுதாள்.

அவள் மாகறல்காரி. அப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டான். அம்மா சொக்கம்மாள் செய்யாற்றங்கரைக் கழனிகளில் நாற்று நட்டும் களை பறித்தும் ஒற்றை மகளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தாள். அதற்கப்புறம் இளவரசி ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போனாள். விடியற்காலையில் ரோட்டுக்கு வருகிற கம்பெனி பஸ்ஸில் ஏறி, நின்றபடியே வேலை பார்த்து, வீட்டுக்கு வந்தால் அம்மாவை உட்கார வைத்துச் சோறு போடுகிற பெண். வாய் கொஞ்சம் நீளம். மனசு அதைவிட நீளம்.

மானாம்பதி போகிற ரோட்டில் இருக்கிற ஊருக்கு அவளைக் கொடுத்தார்கள். புருஷன் முத்துவேல் டிராக்டர் ஓட்டுகிறவன். அதிர்ந்து பேசத் தெரியாதவன். கல்யாணமான மறு வருஷமே அவளுக்குத் தங்கியது. மூன்றாம் மாதத்தில் இடுப்பைப் பிழிகிற மாதிரி வலி வந்தது, வலிக்குப் பின்னால் ரத்தம் வந்தது, கரைந்து போனது. இரண்டு வருஷம் கழித்து இன்னொன்று. அதுவும் அதே மாதிரி, முதலில் வலி, அப்புறம் ரத்தம். இரண்டு தடவையும் ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுத்தம் பண்ணி அனுப்பினார்கள். கம்பெனி வேலையும் அதோடு போயிற்று. 'வயித்துல ஒரு புழு பூச்சி இல்லியா?' என்று கேட்பதற்குத்தான் தெருவில் ஆளா இல்லை! உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

மூன்றாவது தடவை தங்கியது நிலைத்தது. பயந்த மாதங்கள் தாண்டிப் போயின. ஐந்தாம் மாதம் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"நஞ்சுக்கொடி மேல ஒட்ட வேண்டியது, கீழ ஒட்டியிருக்கும்மா. கர்ப்பப்பை வாயை மூடிக்கிட்டு இருக்கு. குழந்தை வர்ற வழியில அது படுத்திருக்கு. ஏற்கெனவே சுத்தம் பண்ணின வயித்துல சில பேருக்கு இப்படி ஆகும். மாசம் ஏற ஏற மேல நகரலாம், நகராமலும் போகலாம். குந்தக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, பைக்ல ஏறக் கூடாது, புருஷன் பொண்டாட்டி சேரக் கூடாது. இதுல வலி வராது. வலி இல்லாம ரத்தம் மட்டும் வரும். ஒரு சொட்டு பட்டாலும் யாரையும் கேட்டுக்கிட்டு நிக்காம உடனே இங்க வந்துடணும்."

"வலி இல்லன்னா கொஞ்ச நேரம் பாத்துட்டு வரலாங்களா?" என்று முத்துவேல் கேட்டான்.

"கூடவே கூடாது. வலி இல்லையேன்னு வீட்ல இருந்தவங்களத்தான் நாங்க காப்பாத்த முடியாம தவிச்சிருக்கோம்."

அந்தப் பேச்சு இளவரசியின் காதிலும் விழுந்தது. அவள் செவிடும் இல்லை, படிக்காதவளும் இல்லை.

அதற்குப் பிறகு அந்த வீடே அவளைச் சுற்றிச் சுழன்றது. முத்துவேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்து, கத்தியைப் பழுக்கக் காய்ச்சி நடுவில் ஓட்டை போட்டு, குந்தாமல் போவதற்கு வசதியாகக் கக்கூஸில் வைத்தான். அவள் ரத்த வகையே உள்ள இரண்டு சிநேகிதர்களைப் பிடித்து, கூப்பிட்ட நேரத்துக்கு வரவேண்டும் என்று சொல்லி வைத்தான். மாமியார் ஆண்டாளம்மாள் தண்ணீர் தூக்கினாள், துணி துவைத்தாள், வாய் ஓயாமல் முணுமுணுத்தாள். "எம் மாமியா எனக்கு ஒரு நாளு இப்டி செஞ்சிருந்தா, அவளுக்கு நான் கோயிலே கட்டியிருப்பேன்." முணுமுணுத்தாளே தவிர ஒரு நாளும் செய்யாமல் விட்டதில்லை. கிராமத்து நர்ஸம்மா போனில் விசாரித்துக்கொண்டே இருந்தாள். இளவரசி ஒருக்களித்துப் படுத்தபடி ஓட்டு இடுக்கில் வருகிற வெயிலைப் பார்த்துக் கிடந்தாள். ஓடி ஆடித் திரிந்தவளுக்குப் படுக்கை என்பது ஜெயில்தான். பிள்ளைக்காக அதையும் பொறுத்தாள்.

ஏழாம் மாதம் மறுபடி ஸ்கேன். நஞ்சு நகரவில்லை. வாயை முழுசாக மூடியிருந்தது. இன்னும் சில வாரத்தில் வந்து படுத்துவிட வேண்டும், நாள் பார்த்து ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும், அதுவரைக்கும் விசேஷம் கூட்டம் ஒன்றும் வேண்டாம் என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்ததும் முத்துவேல் சொன்னான். "வளகாப்பு வேணாம் அரசி. கொயந்த நல்லபடியா பொறக்கட்டும். தொட்டில் போடறப்ப ஊரையே கூப்டு சோறு போடலாம்."

ஆண்டாளம்மாளும் அதையேதான் சொன்னாள். மாகறலிலிருந்து வந்திருந்த சொக்கம்மாளும் தலையாட்டினாள். மூன்று பேரும் நல்லதைத்தான் சொன்னார்கள். ஆனால் மூன்று பேரில் ஒருவரும் பாயசம் கிளறியவர்கள் இல்லை.

"நாஞ் செத்தாலும் பரவால்ல, எனக்கு வளகாப்பு செய்யணும்" என்றாள் இளவரசி. "நாற்காலில ஒக்காறப் போறேன், அவ்ளோதான? இந்தத் தெருவுல ஒருத்தி பாக்கியில்லாம வந்து எங் கைக்கு வளையல் போடணும்."

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை அவளுக்கு. பிள்ளைத்தாய்ச்சி பட்டினி கிடக்கிறாளே என்று முத்துவேல்தான் முதலில் இறங்கி வந்தான். வீட்டிலேயே சுருக்கமாக முடிப்பது, தாய் வீட்டுக்கு அழைத்துப் போகிற வழக்கத்தை மட்டும் விட்டுவிடுவது என்று பேசி முடித்தார்கள்.

மாசி மாதத்தில் நல்ல நாள் பார்த்தார்கள். அறுவடை முடிந்து எல்லோரும் ஓய்வாக இருந்த சமயம். காலையில் குளித்துவிட்டு வந்த இளவரசி, உள்பாவாடையில் ஒரு கறை பார்த்தாள். புளியங்கொட்டை அளவுதான். நல்ல சிவப்பு.

கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். வெளியே ஆண்டாளம்மாள் வாழையிலைக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பரிமளா கலவை சாதத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். இளவரசி வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளை புரண்டது. இடுப்பைப் பிடித்துப் பார்த்தாள். வலி இல்லை. துளியும் இல்லை.

டாக்டரம்மா சொன்னது அவளுக்கு மறந்துவிடவில்லை. ஆனால் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த உடம்பு அவளுக்கு வேறு பாடம் சொல்லியிருந்தது. போவதானால் வலி வந்துதான் போகும். வலி இல்லாதபோது இது உடம்புச் சூடாக இருக்கும், ராத்திரி சரியாகத் தூங்காததால் இருக்கும். அதெல்லாம் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. உள்ளுக்குள் இருந்த பயம் இன்னொன்று. இப்போது வாயைத் திறந்தால் வண்டி வரும். தட்டோடு வருகிற பொம்பளைகள் வாசலில் நின்று, 'இதுவும் போச்சா?' என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு திரும்பிப் போவார்கள். அதை நினைக்கவே அவளால் முடியவில்லை. துணியை மடித்து வைத்துக்கொண்டாள். விசேஷம் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தாள்.

சொக்கம்மாள் பச்சைப் பட்டுப்புடவையோடு வந்து நின்றாள். மகளின் வளைகாப்புக்கென்று காஞ்சிபுரம் போய்ப் பார்த்துப் பார்த்து எடுத்தது.

"இது வேணாம்மா. கல்யாணத்துக்குக் கட்டனேனே, அந்த அரக்குப் பொடவயே கட்டிக்கறேன்."

"ஏங் கண்ணு? கலரு புடிக்கலியா?"

"புடிக்கல."

சொக்கம்மாள் முகம் சுண்டிப் போயிற்று. புடவையை மடித்துப் பைக்குள் வைத்தாள். அரக்கில் கறை தெரியாது என்று எந்த மகள் அம்மாவிடம் சொல்வாள்?

தெரு மொத்தமும் வந்தது. இளவரசியை நாற்காலியில் கிழக்குப் பார்த்து உட்கார வைத்தார்கள். முதலில் ஆண்டாளம்மாள் கன்னத்தில் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வளையல் மாட்டினாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னாலேயே ஒவ்வொருத்தியாக வந்தார்கள். முந்திரி போதுமா என்று கேட்ட கிழவியும் வந்தாள். இளவரசி அவளுக்குக் கையை நன்றாக நீட்டிக் கொடுத்தாள். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் முழங்கையைத் தொட்டது. அவ்வளவு சந்தோஷமாக அவளை அந்த ஊர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இரண்டு தடவை அடியில் வெதுவெதுப்பாக இறங்கியது. தொடையை இறுக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"போதும், படுக்க வைங்க. டாக்டரு ரொம்ப நேரம் ஒக்காரக் கூடாதுன்னு சொல்லிகீறாங்க" என்றாள் பரிமளா.

அப்போதுதான் இளவரசி சமையல் பக்கம் பார்த்தாள். பின் தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த கீர்த்தி அங்கே அடுப்பருகில் நின்றிருந்தாள். தாமல் பக்கத்துப் பெண். கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. கையில் கரண்டி. யார் அனுப்பினார்களோ!

"கீர்த்தி, நீ இன்னா அங்க பண்ணிக்கினு கீற? வா, வந்து வளையல் போடு."

ஒருத்தி தொண்டையைக் கனைத்தாள்.

"வேணாங்கா" என்றாள் கீர்த்தி.

"வான்றன் இல்ல? நீ போடாம நான் எய்ந்திருக்க மாட்டேன்."

கீர்த்தி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். சந்தனம் பூசினாள். இரண்டு வளையலை எடுத்து மாட்டினாள். "நல்லா இருங்கக்கா" என்று அவள் காதோடு சொல்லும்போதே இளவரசிக்கு மடை திறந்துவிட்டது. இந்தத் தடவை தொடையை இறுக்கியும் நிற்கவில்லை. எழுந்திருக்கப் பார்த்தாள். நாற்காலிக்கு அடியில் தரை முழுக்க ரத்தம். கீர்த்திதான் முதலில் அலறினாள்.

108 வண்டியில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போட நரம்பு தேட வேண்டும், வளையலைக் கழற்ற நேரமில்லை. கைக்குக் கீழே பஞ்சைக் கொடுத்து நர்ஸ் வளையல்களை உடைத்தாள். உடைகிற சத்தத்தைக் கேட்டுச் சொக்கம்மாள் வாசலிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"ரத்தம் எப்ப ஆரம்பிச்சது?" என்று டாக்டர் கேட்டார்.

"இப்பத்தாம்மா" என்றாள் ஆண்டாளம்மாள். "நல்லாத்தான் ஒக்காந்துக்கினு இருந்தா. பின்தெருவு பொண்ணு ஒண்ணு வந்து கைய வச்சா. வச்ச ஒடனே கொட்டிச்சி."

ஸ்ட்ரெச்சரில் கிடந்த இளவரசிக்கு நினைவு இருந்தது. காதும் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டாள்.

முத்துவேலும் சிநேகிதர்களும் ரத்தம் கொடுக்க ஓடினார்கள். பிள்ளையை எடுத்தார்கள். நஞ்சு பிரிந்து வரவில்லை, ரத்தம் நிற்கவில்லை. தாயாவது மிஞ்சட்டும் என்று கர்ப்பப்பையையும் எடுத்தார்கள். பெண் பிள்ளை. உள்ளங்கையில் அடங்குகிற தலை. கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குத் திணறிக்கொண்டு இரண்டு நாள் இருந்தது. தாயால் எழுந்து போக முடியவில்லை. முத்துவேல் செல்போனில் எடுத்து வந்து காட்டியதுதான் அவள் பார்த்தது. மூன்றாம் நாள் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் அவள் தலைமாட்டில் வந்து நின்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "சில மணி நேரம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா, ரத்தத்தை ஓரளவு நிறுத்தி வச்சு, குழந்தை நுரையீரல் தேர்றதுக்கு ஊசி போட்டிருக்கலாம். சரி, உங்க உயிர் தங்கினதே பெருசு." இளவரசி தலையை ஆட்டினாள். வலி இல்லாமல் போனது அந்தப் பிள்ளை. வலி எல்லாம் அப்போதுதான் ஆரம்பித்தது.

ஊருக்கு வந்தால் ஊர் தீர்ப்பே எழுதி முடித்திருந்தது. கீர்த்தியின் கைதான் காரணம். எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள், அவள் தொட்டாள், ரத்தம் வந்தது. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? குழாயடியில் கீர்த்தி குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். முன்பு பாயசம் கிளறவாவது கூப்பிட்டார்கள். இப்போது அதற்கும் கூப்பிடவில்லை. இளவரசியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் மடியில் ஆப்பிளும் வாயில் கீர்த்தியுமாகவே வந்தார்கள். "நீ நல்ல மனசுல கூப்ட்ட. அந்தச் சண்டாளி வரலாமா?" என்றார்கள். இளவரசி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அந்தப் பேச்சு அவளுக்குச் சுகமாக இருந்தது என்று சொன்னால் கேட்கிறவர்களுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் இருந்தது. பழி வேறு வீட்டில் இருக்கிறவரைக்கும் அவளால் சோறு தின்ன முடிந்தது.

பங்குனி பிறந்து ஒரு நாள் காலையில் பரிமளா வந்து சொன்னாள். "கீர்த்தியோட நைனா தாமல்லேர்ந்து வந்துகீறாரு. பொண்ண இட்டுக்கினு போவச் சொல்லிட்டாங்களாம். மாமியா வேற எடம் பாக்கறாளாம் புள்ளைக்கு."

இளவரசி சுவரைப் பிடித்து எழுந்தாள். தையல் இழுத்தது.

"எங்கடி போற? கண்ணு, நடக்கக் கூடாதுடி!" என்று சொக்கம்மாள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

பின் தெருவில் கீர்த்தி வீட்டு வாசலில் சின்னக் கூட்டம். பொம்பளைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீர்த்தியின் அப்பா பையைக் கையில் பிடித்தபடி தலை குனிந்து நின்றிருந்தார். கீர்த்தி உள்ளே இருந்தாள். இளவரசி கீர்த்தியின் மாமியார் எதிரில் போய் நின்றாள். மூச்சு வாங்கியது.

"அத்தே, அவள அனுப்பாதீங்க. அவ கை படறதுக்கு மின்னாடியே எனக்கு ரத்தம் பட்டுக்கினு இருந்துச்சி. காலைல குளிச்சப்பவே பட்டுச்சி. நான்தான் யார்கிட்டயும் சொல்லாம துணி வச்சிக்கினு வந்து ஒக்காந்தேன்."

பின்னால் நின்ற சொக்கம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "அதான் அந்தப் பச்சப் பொடவய..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்திக்கொண்டாள்.

"வலி இல்லாம வந்தாக்கூட ஓடி வான்னு டாக்டரு சொல்லி அனுப்பிச்சாங்க. நான் போவல. எம் புள்ளைய நான்தான் சாவடிச்சேன். அவ இல்ல."

கீர்த்தியின் அப்பா பையைக் கீழே வைத்தார். மாமியார்க்காரி 'போ' என்று மறுபடியும் சொல்லவில்லை. கீர்த்தி வாசற்படி வரைக்கும் வந்தாள், இளவரசியைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தா அவள் வந்தாள்? இத்தனை நாள் கழித்துச் சொன்னதற்கு அதுவே அதிகம்.

திரும்பி நடக்கும்போதே முதுகுக்குப் பின்னால் பேச்சு கிளம்பிவிட்டது. "பெத்தவளே இப்டி செய்வாளாடி?" என்றது ஒரு குரல். "வளையலுக்கு ஆசப்பட்டு கொயந்தைய வுட்டுட்டாளே" என்றது இன்னொன்று. இளவரசிக்கு அந்தக் குரல்கள் யாருடையவை என்று தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் ஆண்டாளம்மாள் அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள், எதுவும் கேட்கவில்லை. முணுமுணுக்கக்கூட இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

சாயங்காலம் முத்துவேல் வந்தான். டீக்கடையிலேயே யாரோ சொல்லியிருக்க வேண்டும். டிராக்டரை ஓரமாக நிறுத்திவிட்டு, கால் கழுவாமல் வந்து அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கையில் ஒட்டியிருந்த சேற்றை உரித்துக்கொண்டிருந்தான். அவன் கத்துவான் என்று அவள் காத்திருந்தாள். அவனுக்குக் கத்தத் தெரியாது.

"அரசி, ஊருக்குச் சொல்லாட்டி போவுது. எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமே? நான் வாசல்லதான நின்னுக்கினு இருந்தேன்."

"உங்கிட்ட சொல்லியிருந்தா நீ ஒடனே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிருப்பய்யா" என்றாள் இளவரசி. "அதான் சொல்லல."